காணாமல் போன கடல் விமானம்: சான் ஆண்ட்ரியாஸில் இருபது வருடம் பதுங்கியிருந்த பிழை

2024 அக்டோபரில் விண்டோஸ் 11-க்கு 24எச்2 என்ற பெரிய அப்டேட் வந்தது. அதைப் போட்டவர்களில் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் ஆடுகிற சிலர் கொஞ்ச நாளில் ஒரு விசித்திரமான புகாரோடு வந்தார்கள். கேம் ஓடுகிறது, மிஷன்கள் சரியாக வருகின்றன, பழைய சேவ் ஃபைலும் திறக்கிறது. ஆனால் ஸ்கிம்மரை மட்டும் காணவில்லை. ஸ்கிம்மர் தெரியாதவர்களுக்கு: சக்கரத்துக்குப் பதில் மிதவை வைத்த, தண்ணீரிலேயே இறங்கி ஏறும் சின்ன விமானம். வழக்கமாக அது நிற்கும் தண்ணீரோரங்கள் காலி. டிரெய்னர் (கேமில் நினைத்ததை வரவழைக்கும் சீட் புரோகிராம்) போட்டு வரவழைத்தாலும் வருவதில்லை. அதே கம்ப்யூட்டரில் முந்தைய பதிப்பான 23எச்2 இருந்தவரை அது சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. கேம் ஃபைல்களில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

இப்படி ஒரு புகாரைக் கேட்டதும் யாருக்கும் முதலில் தோன்றுவது, மைக்ரோசாஃப்ட்காரன் எதையோ உடைத்துவிட்டான் என்பதுதான். மோட் (ரசிகர்கள் கேமில் செய்யும் மாற்றம்) போட்டதால் வந்த வினை என்று சிலர் சொன்னார்கள், மோட் எதுவும் போடாதவர்களுக்கும் அதே கதைதான். கடைசியில் தெரியவந்தது இரண்டும் இல்லை. கேம் 2005-இல் பிசிக்கு வந்த நாளிலிருந்தே உடைந்துதான் இருந்திருக்கிறது. அது வெளியே தெரியாமல் விண்டோஸ் தற்செயலாக மறைத்துக்கொண்டிருந்தது, 24எச்2-இல் அந்தத் தற்செயல் நின்றுபோனது. பழைய கேமைப் புது விண்டோஸில் ஓட வைப்பது என்றால் என்ன மாதிரி வேலை என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கேஸைத்தான் சொல்வேன். ஏனென்றால் இதில் எந்தப் பக்கமும் வில்லன் கிடையாது.

கண்டுபிடித்தவர் சைலன்ட் என்ற பெயரில் இயங்கும் ஒரு புரோகிராமர். ஜிடிஏ பழைய பாகங்களின் பிழைகளைத் திருத்தும் சைலன்ட்பேட்ச் அவருடையது. வைஸ் சிட்டியையோ சான் ஆண்ட்ரியாஸையோ சமீபத்தில் யாராவது ஒழுங்காக ஆடியிருந்தால் அனேகமாக அந்தப் பேட்சைப் போட்டுத்தான் ஆடியிருப்பார்கள். ஸ்கிம்மர் விஷயத்தை அவர் தோண்டியெடுத்து 2025 ஏப்ரலில் விவரமாக எழுதினார். கீழே வரும் விசாரணை அவர் போன வழிதான், விளக்கமும் அபிப்பிராயமும் என்னுடையவை.

விசாரணைக்குப் போகும் முன் ஒன்று. "பழைய கேம் ஓடவில்லை" என்று ஒரே வரியில் சொல்கிறோம், ஆனால் அதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நோய்கள் இருக்கின்றன. 90-களின் கேம் சிடிக்கள் பலவற்றில் கேம் 32-பிட்டாக இருக்கும், செட்டப் புரோகிராம் மட்டும் 16-பிட்டாக இருக்கும். 64-பிட் விண்டோஸில் 16-பிட் புரோகிராம் ஓடாது, விண்டோஸ் 11-க்கோ 32-பிட் பதிப்பே கிடையாது. (பிரபலமான சில பழைய 16-பிட் செட்டப்களை மட்டும் விண்டோஸ் அடையாளம் கண்டு, தன்னிடம் உள்ள 32-பிட் செட்டப்பை ஓசைப்படாமல் மாற்றி ஓடவிடும். இது பலருக்குத் தெரியாது.) இன்னொரு வகை காப்பி புரொடெக்‌ஷன். சேஃப்டிஸ்க் பாதுகாப்பு உள்ள டிஸ்க்குகளுக்கு விண்டோஸுக்குள்ளேயே ஒரு டிரைவர் வேண்டும், அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் 2015-இல் விண்டோஸ் 10 அதைச் சேர்க்கவே இல்லை, அதே ஆண்டு செப்டம்பரில் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றிலும் அப்டேட் வழியாக முடக்கினார்கள். காசு கொடுத்து ஒரிஜினல் டிஸ்க் வாங்கியவன் மாட்டிக்கொண்டான், கிராக் போட்டவன் தப்பித்தான். அப்புறம் 256 கலர் கேம்களில் வானம் ஊதாவாகவும் மனிதர்கள் பச்சையாகவும் தெரிவது, வேகத்தைக் கட்டுப்படுத்தாத கேம் புது பிராசஸரில் பேய்வேகத்தில் ஓடுவது, இப்படி நிறைய.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு: முன்பு இருந்த ஏதோ ஒன்று இப்போது இல்லை. அதற்கு ஈடாக ஒன்றைக் கொடுத்தால் முடிந்தது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் கேமுக்கு டாஸ்பாக்ஸ் முழுக் கம்ப்யூட்டரையே போலியாகச் செய்து தருகிறது, கேம் படம் வரைய விண்டோஸைக் கேட்கும் பழைய டைரக்ட்எக்ஸ் அழைப்புகளை டிஜிவூடூ மாதிரி ராப்பர்கள், அதாவது நடுவில் நின்று மாற்றிச் சொல்லும் புரோகிராம்கள், புதிதாக மாற்றித் தருகின்றன. ஸ்கிம்மர் அந்த வகை இல்லை. கேமுக்கு வேண்டிய எல்லாம் 24எச்2-இல் இருந்தது. எதுவும் நீக்கப்படவில்லை. அதனால்தான் இது சுவாரசியம்.

வானத்துக்குப் போன சிஜே

சாதாரணமாகத் தேடினால் விமானம் கண்ணில் படவே இல்லை, அதனால் சைலன்ட் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஸ்கிம்மரை உருவாக்கி, கேமின் நாயகன் சிஜேயை நேராக அதன் சீட்டில் உட்கார வைத்தார். விமானம் வந்தது. வந்த வேகத்திலேயே சிஜேயையும் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டது. எவ்வளவு மேலே என்றால் சுமார் 1-க்குப் பின்னால் 31 சைபர் போட்ட அளவு மீட்டர். ஒளியாண்டில் சொன்னால் ஆயிரம் லட்சம் கோடிக்கும் மேல். நாம் பார்க்க முடிகிற பிரபஞ்சத்தின் குறுக்களவே சுமார் 9,300 கோடி ஒளியாண்டுதான். ஆக ஸ்கிம்மர் காணாமல் போகவில்லை, ஒவ்வொரு முறையும் ஒழுங்காகப் பிறந்திருக்கிறது, பிறந்த இடம்தான் பிரபஞ்சத்துக்கு வெளியே இருந்திருக்கிறது.

அதோடு கேம் உறைந்தும் போனது. இந்த உறைவு தனியாக ஒரு அழகு, தாண்டிப் போக மனசு வரவில்லை. விமானத்தின் புரொப்பெல்லர் சுற்றும் கோணத்தைக் கேம் கணக்கிடும்போது, கோணம் ஒரு முழுச் சுற்றைத் தாண்டினால் அதிலிருந்து இரண்டு பை, அதாவது சுமார் 6.28-ஐக் கழித்துக்கொண்டே வரும், ஒரு சுற்றுக்குள் அடங்கும்வரை. சாதாரண எண்களுக்கு ஒன்றிரண்டு கழித்தலில் முடிந்துவிடும். ஆனால் புரொப்பெல்லர் வேகம் விமானத்தின் உயரத்தைப் பொறுத்தது, உயரம் அப்படி இருந்தால் வேகமும் அந்த லட்சணத்தில்தான் இருக்கும். கேம் இங்கே பயன்படுத்தும் 32-பிட் ஃப்ளோட் (தசம எண் வைக்கும் வடிவம்) எண்ணுக்குச் சுமார் ஏழு இலக்கம் வரைதான் துல்லியம் உண்டு. முப்பது இலக்க எண்ணிலிருந்து 6.28-ஐக் கழித்தால் வருவது அதே எண்தான். திரும்பக் கழித்தாலும் அதே எண்தான். கேம் கடைசிவரை கழித்துக்கொண்டே இருக்கும், நாம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து நிறுத்தும்வரை.

சரி, அந்த உயரம் எங்கிருந்து வந்தது? ஒரு வாகனத்தைத் தரையில் வைக்கும்போது அதன் அடிப்பகுதி மையத்திலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்று கேம் பார்க்கும், அந்த அளவுக்கு மேலே தூக்கி வைக்கும், இல்லாவிட்டால் பாதி வண்டி மண்ணுக்குள் இருக்கும். அந்த அடிப்பகுதி அளவில்தான் கோளாறு. அதைப் பின்தொடர்ந்து போனால் சஸ்பென்ஷன் கணக்கு. சஸ்பென்ஷன் கணக்கின் பின்னால் போனால் சக்கரத்தின் அளவு. மிதவை விமானத்துக்கு ஏது சக்கரம் என்று கேட்கலாம். சான் ஆண்ட்ரியாஸின் உள்கட்டமைப்பில் விமானம் என்பது காரிலிருந்து பிறந்த வகை, அதனால் கண்ணுக்குத் தெரிகிறதோ இல்லையோ எல்லா விமானத்துக்கும் சஸ்பென்ஷன் உண்டு, சக்கர அளவும் உண்டு. ஸ்கிம்மரின் சக்கர அளவு அண்டசராசர அளவில் இருந்தது.

நான்கு எண்கள் குறைந்த ஒரு வரி

வாகனங்களின் அளவுகள் எல்லாம் கேம் ஃபோல்டருக்குள் டேட்டா என்ற ஃபோல்டரில், வெஹிக்கிள்ஸ் என்ற பெயரில் ஐடிஇ என்று முடியும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கின்றன. நோட்பேடில் திறந்தே பார்க்கலாம். ஒரு வாகனத்துக்கு ஒரு வரி, காற்புள்ளி போட்டுப் பிரித்த விவரங்கள்: எண், மாடல் பெயர், வகை, இப்படிப் போய்க் கடைசியில் நான்கு எண்கள். அந்த நான்கில் நடுவில் உள்ள இரண்டும் முன்சக்கர அளவு, பின்சக்கர அளவு.

459-ஆம் எண் டாப்ஃபன் என்ற வேன். அதன் வரி முழுமையாக, -1, 0.7, 0.7, -1 என்று முடிகிறது. அடுத்த வரி 460, ஸ்கிம்மர். அந்த வரியில் கடைசி நான்கு எண்கள் இல்லவே இல்லை. வரி பாதியில் நின்றுவிடுகிறது.

ஏன் இல்லை என்பதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. இதற்கு முந்தைய வைஸ் சிட்டியிலும் ஸ்கிம்மர் உண்டு, ஆனால் அதில் அது படகு வகை. பறக்கக்கூடிய படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். படகுக்குச் சக்கர விவரம் தேவையில்லை, எனவே அந்த வரியில் அந்த எண்கள் கிடையாது, அங்கே அது சரிதான். சான் ஆண்ட்ரியாஸில் ஒழுங்கான விமானங்கள் வந்ததும் யாரோ ஸ்கிம்மரைப் படகு என்பதிலிருந்து விமானம் என்று மாற்றியிருக்கிறார்கள். வகையை மாற்றிய கை, விமான வகைக்கு வேண்டிய நான்கு எண்களைச் சேர்க்க மறந்துவிட்டது. அவ்வளவுதான் மூலப் பிழை.

கேள்வி இப்போதுதான் உண்மையில் ஆரம்பிக்கிறது. வரியில் எண் இல்லை என்றால் கேம் அன்றைக்கே வெடித்திருக்க வேண்டும், இருபது வருடம் எப்படி ஓடியது?

வரியைப் படிக்க கேம் பயன்படுத்துவது சி மொழியின் எஸ்ஸ்கேன்எஃப் என்ற ஃபங்ஷன். ஒரு வரியைக் கொடுத்து, இதிலிருந்து இத்தனை விவரங்களை எடுத்து இந்த இந்த வேரியபிள்களில் (மதிப்பைப் போட்டு வைக்கும் மெமரி இடங்கள்) போடு என்று சொல்லலாம். வரியில் விவரம் தீர்ந்துபோனால் அது அப்படியே நின்றுவிடும், மிச்ச வேரியபிள்களைத் தொடாது. எத்தனை விவரம் கிடைத்தது என்று ஒரு எண்ணை மட்டும் திருப்பித் தரும். அந்த எண்ணைப் பார்த்து, குறைகிறதே என்று கேம் கவனித்திருந்தால் பிழை அன்றைக்கே பிடிபட்டிருக்கும். கவனிக்கவில்லை. வேரியபிள்களுக்கு முன்கூட்டியே ஒரு இயல்பு மதிப்பும் வைக்கவில்லை. அப்படியானால் ஸ்கிம்மரின் சக்கர அளவு வேரியபிளில் என்ன இருக்கும்? அந்த மெமரி இடத்தில் அதற்கு முன் யார் எதை விட்டுவிட்டுப் போனார்களோ, அது.

இந்த மாதிரி தற்காலிக வேரியபிள்கள் இருக்கும் இடத்துக்கு ஸ்டாக் என்று பெயர். ஒரு ஃபங்ஷன் ஓடும்போது ஸ்டாக்கில் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்ளும், முடிந்ததும் இடத்தை விட்டுக்கொடுக்கும், ஆனால் துடைத்துவிட்டுப் போகாது. கல்யாணப் பந்தியில் இலை எடுக்காமல் அடுத்த பந்திக்கு ஆளை உட்கார வைக்கிற மாதிரி. டாப்ஃபன் முந்தின பந்தியில் உட்கார்ந்து 0.7, 0.7 என்று இலையில் மிச்சம் வைத்து எழுந்துபோனது, அதே இடத்தில் அடுத்து வந்து உட்கார்ந்த ஸ்கிம்மருக்குத் தனியாக எதுவும் பரிமாறவில்லை, இலையில் இருந்ததையே சாப்பிட்டுவிட்டுப் போனது. ஒவ்வொரு முறை கேம் தொடங்கும்போதும், ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும், இதே வரிசையில் இதே காரியம். 0.7 என்பது ஒரு விமானத்துக்கு நியாயமான சக்கர அளவு என்பதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

அதாவது இத்தனை வருடம் நாம் ஓட்டிய ஸ்கிம்மர், ஒரு வேனின் சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

24எச்2 செய்தது என்ன

இரண்டு வரிகளுக்கு நடுவில் இன்னொரு வேலை நடக்கிறது. அடுத்த வரியை ஃபைலிலிருந்து எடுத்துவர எஃப்கெட்ஸ் என்ற ஃபங்ஷனைக் கேம் கூப்பிடும். ஒரே ஃபைலை ஒரே நேரத்தில் இரண்டு திரெட்கள் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) படித்துக் குழப்பிவிடக் கூடாது என்பதால் எஃப்கெட்ஸ் உள்ளே நுழையும்போது ஒரு பூட்டுப் போடும், வெளியே வரும்போது திறக்கும். அந்தப் பூட்டு விண்டோஸுடையது, கிரிட்டிக்கல் செக்‌ஷன் என்பார்கள். போடுவதும் திறப்பதும் விண்டோஸின் சொந்த ஃபங்ஷன்கள், அவையும் அதே ஸ்டாக்கில்தான் இடம் எடுத்துக்கொள்ளும்.

பழைய விண்டோஸ்களில் அந்தப் பூட்டு ஃபங்ஷன்கள் கொஞ்சமாக இடம் எடுத்தன, டாப்ஃபன் விட்டுப்போன 0.7 இருந்த ஆழம்வரை போகவில்லை. 24எச்2-இல் மைக்ரோசாஃப்ட் பூட்டைத் திறக்கும் ஃபங்ஷனின் உள்வேலையை மாற்றி எழுதியது. புதிய வடிவம் முன்னைவிட அதிக ஸ்டாக் இடம் எடுத்தது. அந்த அதிகப்படி இடம் சரியாக 0.7-கள் இருந்த இடத்தின் மேல் விழுந்தது. ஸ்கிம்மரின் முறை வரும்போது அங்கே இருப்பது 0.7 இல்லை, பூட்டு வேலையின் ஏதோ மிச்சம். வேறு ஏதோ காரியத்துக்கான பிட்டுகளை ஃப்ளோட் எண்ணாகப் படித்தால் எதுவும் வரலாம், இங்கே வந்தது ராட்சத எண். அங்கிருந்து சஸ்பென்ஷன், அடிப்பகுதி, உயரம், புரொப்பெல்லர் என்று சங்கிலி.

மைக்ரோசாஃப்ட் இதில் விதி எதையும் மீறவில்லை. பூட்டு ஃபங்ஷன் எவ்வளவு ஸ்டாக் எடுக்கும் என்று எந்த ஆவணத்திலும் அவர்கள் வாக்குக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. ஒரு ஃபங்ஷன் திரும்பிவந்த பிறகு அதற்குக் கீழே இருந்த ஸ்டாக்கில் என்ன இருக்கும் என்பதை நம்பி யாரும் எழுதக் கூடாது. கேமை வெளியிட்ட ராக்ஸ்டாரில் எழுதியவர்களும் நம்பி எழுதவில்லை, தெரியாமல் அப்படி அமைந்துவிட்டது. சைலன்ட்டும் இது விண்டோஸ் பிழை இல்லை என்றுதான் தெளிவாக முடித்தார். நான் ஒரு படி மேலே போவேன்: 24எச்2 இல்லாவிட்டால் வேறு ஏதாவது ஒரு அப்டேட் என்றைக்காவது இதைச் செய்திருக்கும், எக்ஸ்பியிலிருந்து 23எச்2 வரை இருபது வருடம் யாரும் அந்தச் சில பைட்டுகளை மிதிக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு யோசனை சொல்வார்கள்: ரைட் கிளிக் பண்ணு, ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, எக்ஸ்பி என்று டிக் பண்ணு. பல கேம்களுக்கு அது உண்மையிலேயே உதவும். ஆனால் அந்த டிக் செய்வது என்னவென்றால், கேம் "இது எந்த விண்டோஸ்" என்று கேட்டால் எக்ஸ்பி என்று பொய் சொல்வது, சில குறிப்பிட்ட அழைப்புகளைக் குறுக்கிட்டுப் பழைய மாதிரி பதில் தருவது, இவைதான். விண்டோஸின் அடித்தளத்தையே எடுத்துவிட்டுப் பழைய எக்ஸ்பியின் பூட்டு ஃபங்ஷனை அங்கே கொண்டுவந்து வைக்காது. அதனால் இந்த நோய்க்கு அந்த மருந்து இல்லை.

ஒரு காலத்தில் மைக்ரோசாஃப்ட் இதற்கும் ஏதாவது செய்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. சிம்சிட்டி கதை புரோகிராமர்கள் மத்தியில் பிரபலம். விண்டோஸ் 3.எக்ஸுக்காக எழுதிய சிம்சிட்டியில், விடுவித்துவிட்ட மெமரியைத் திரும்பப் படிக்கும் பிழை ஒன்று இருந்தது. 3.எக்ஸில் விடுவித்த மெமரி அப்படியே கிடக்கும், பிரச்சினை இல்லை. விண்டோஸ் 95-இல் அது உடனே வேறு வேலைக்குப் போய்விடும், கேம் கவிழும். மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? ஓடுவது சிம்சிட்டியா என்று பார்த்து, ஆம் என்றால் மெமரியை உடனே விடுவிக்காமல் வைத்திருக்கும்படி விண்டோஸ் 95-க்குள்ளேயே எழுதிவிட்டார்கள். பிழை அச்சு அசலாக ஸ்கிம்மர் ரகம்: தன்னுடையதில்லாத பழைய மிச்சத்தை நம்புவது. அன்றைக்கு விண்டோஸ் விற்க வேண்டும், கடையில் வாங்கிய கேம் ஓடவில்லை என்றால் குற்றம் விண்டோஸ் மேல்தான் விழும், அந்தப் பயம் இருந்தது. இன்றைக்கு விண்டோஸ் 11-ஐ யாரும் ஸ்கிம்மருக்காக வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

தன் கேமுக்கே அவர்கள் அந்தச் சிரத்தை காட்டாத சந்தர்ப்பமும் உண்டு. எக்ஸ்பியில் இருந்த ஸ்பேஸ் கேடட் பின்பால் நம்மில் பாதிப்பேர் ஆபீஸ் நேரத்தில் ஆடியது. அதை 64-பிட்டுக்கு மாற்றியபோது பந்து எதிலும் மோதாமல் ஊடுருவிக் கீழே விழுந்தது. வெளியிலிருந்து வாங்கிய, விளக்கக் குறிப்பே இல்லாத கோட், எங்கே பிழை என்று கண்டுபிடிக்க முடியவில்லை, விஸ்டாவில் கேமையே எடுத்துவிட்டார்கள். மைக்ரோசாஃப்டில் அதைப் பார்த்த ரேமண்ட் சென் பின்னாளில் இதை எழுதியிருக்கிறார்.

திருத்தம்

இவ்வளவு பெரிய கதைக்குத் திருத்தம் ஒரு வரி. அந்த டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்து, 460-ஆம் வரியின் கடைசியில் ஒரு காற்புள்ளி போட்டு -1, 0.7, 0.7, -1 என்று சேர்த்து சேவ் செய்தால் ஸ்கிம்மர் திரும்ப வந்துவிடும். வேனிடம் இரவல் வாங்கிய அதே அளவை இப்போது அதன் பெயரிலேயே எழுதிக் கொடுக்கிறோம். கேம் ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் இருந்தால் விண்டோஸ் சேவ் செய்ய விடாமல் அடம்பிடிக்கும், நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். பழைய கேம்களை அங்கே இன்ஸ்டால் செய்யாமல் சி டிரைவிலோ டி டிரைவிலோ நேராக ஒரு ஃபோல்டர் போட்டு வைத்துக்கொள்வது எல்லா வகையிலும் நிம்மதி.

சைலன்ட்பேட்ச் வேறு வழியில் போகிறது. டேட்டா ஃபைலைத் தொடுவதில்லை. வரியைப் படிக்கும் இடத்தில் குறுக்கிட்டு, அந்த நான்கு வேரியபிள்களுக்கும் முன்கூட்டியே நியாயமான மதிப்பு வைத்துவிடுகிறது, வரியில் எண் இருந்தால் அது மேலே எழுதிக்கொள்ளும், இல்லையென்றால் வைத்த மதிப்பு நிற்கும். இதுதான் சரியான திருத்தம் என்பேன். சான் ஆண்ட்ரியாஸுக்கு இருபது வருடமாக மோட் செய்கிறார்கள், புது வாகனம் சேர்க்கும் மோட் ஒவ்வொன்றும் இந்த டெக்ஸ்ட் ஃபைலை மாற்றுகிறது, நீங்கள் கையால் திருத்திய வரியை அடுத்து போடும் மோட் அழித்துவிடும். அதைவிட, வேறு எந்த மோட்காரர் எந்த வரியைக் குறையாக விட்டிருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? கோடில் வைத்த திருத்தம் அவற்றையும் சேர்த்துக் காப்பாற்றும்.

இதை ராக்ஸ்டார் செய்திருக்கலாமே என்றால், பழைய பிசி பதிப்புகளை அவர்கள் எப்படி நடத்தினார்கள் என்று பார்த்தால் போதும். 2014-இல் ஸ்டீமில் சான் ஆண்ட்ரியாஸுக்கு வந்த அப்டேட், உரிமம் முடிந்த சில பாடல்களை எடுத்துவிட்டது, பழைய சேவ் ஃபைல்களையும் செல்லாமல் ஆக்கியது. 2021-இல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற புதுப்பித்த பதிப்பை வெளியிடும் முன் பழைய பதிப்புகளைக் கடைகளிலிருந்து எடுத்தார்கள். புதியது வந்த கோலத்தைப் பார்த்து ஆட்கள் கொதித்ததும், நவம்பரில் மன்னிப்புக் கேட்டார்கள், அப்புறம் பிசியின் பழைய பதிப்புகளைத் தங்கள் சொந்தக் கடையில் திரும்ப வைத்தார்கள். அதே ஆண்டில் ஜிடிஏ 3, வைஸ் சிட்டி ஆகியவற்றின் புரோகிராம் கோடைத் தலைகீழாகப் பிரித்து மீண்டும் எழுதிய ரசிகர்கள் மேல் தாய் நிறுவனமான டேக்-டூ வழக்கும் போட்டது. சட்டப்படி அவர்களுக்கு உரிமை இருக்கலாம், அதை நான் பேசவில்லை. ஆனால் ஸ்கிம்மர் வரியைத் திருத்த அவர்களில் யாராவது உட்காருவார்கள் என்று காத்திருப்பது வீண்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. வைஸ் சிட்டியும் சான் ஆண்ட்ரியாஸும் இங்கே பலரிடம் வந்து சேர்ந்தது ப்ரௌசிங் சென்டர் ஹார்ட் டிஸ்க்கிலிருந்தோ, பாட்டுகளையும் சில ஃபைல்களையும் வெட்டிச் சுருக்கிய காப்பியிலிருந்தோதான். அந்தக் காப்பியில் விமானம் வரவில்லை என்றால் அது 24எச்2-ஆ, வெட்டியவர் கைங்கரியமா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. முதலில் முழு ஃபைல்கள் உள்ள ஒழுங்கான பதிப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்புறம் விசாரணையை ஆரம்பியுங்கள்.

24எச்2-இல் புதிதாகப் போடுகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. கேமை ப்ரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே வையுங்கள். மோட் எதுவும் போடாமல் ஒருமுறை திறந்து பாருங்கள். திறக்கவே மறுத்தால் டாக்குமென்ட்ஸுக்குள் கேமின் பெயரில் இருக்கும் யூசர் ஃபைல்ஸ் ஃபோல்டரில் செட் என்று முடியும் செட்டிங்ஸ் ஃபைலை அழித்துவிட்டுத் திரும்ப முயலுங்கள், சேவ் ஃபைல்களைத் தொட வேண்டாம். அப்புறம் பேட்ச்களைக் கேமுக்குள் ஏற்றிவிடும் ஏஎஸ்ஐ லோடர், அதன் மேல் சைலன்ட்பேட்ச். கேம் மெனுவில் ஃப்ரேம் லிமிட்டரை (வினாடிக்கு எத்தனை படம் என்பதைக் கட்டுப்படுத்துவது) ஆன் செய்தே வையுங்கள், இந்தக் கேமின் இயற்பியல் ஃப்ரேம் வேகத்தோடு கட்டப்பட்டது, 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் லிமிட்டரை எடுத்துவிட்டால் சிஜே நீந்துவதுகூட ஒழுங்காக நடக்காது. மற்ற மோட்கள் எல்லாம் இதற்குப் பிறகு, ஒவ்வொன்றாக. பழைய சேவ் ஃபைல் இருந்தால் பயப்பட வேண்டாம், சக்கர அளவு சேவ் ஃபைலில் எழுதப்படுவதில்லை, ஒவ்வொரு முறை கேம் தொடங்கும்போதும் டெக்ஸ்ட் ஃபைலிலிருந்துதான் படிக்கப்படுகிறது, எனவே திருத்திய பிறகு பழைய சேவைத் திறந்தாலும் ஸ்கிம்மர் அதன் இடத்தில் நிற்கும்.